கலியாணத்துக்கு முந்தின மாத்திரை



நிகாஹ் நெருங்கினால் புதுக்கடையில் எங்கட வீடுகளில் பிள்ளையின் முகப்பருதான் பெரிய கவலை. மகளுக்கும் அப்படித்தான். சொந்தக்கார ராத்தா ஒருவர், தன் மகனுக்கு டொக்டர் எழுதின மாத்திரையில் மிச்சத்தைத் தந்தார். 'விட்டமின் ஏ சாமான்தானே' என்றார். விஞ்ஞானம் படிப்பிக்கிற வீடு, நாங்களும் விட்டுவிட்டோம்!

நிகாஹ்வுக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் பெட்டியை வாசித்தோம். ஐசோட்ரெடினோயின். கர்ப்பிணிகள் பாவிக்கவே கூடாது.

கரட்டில் இருக்கும் மஞ்சள் சத்தை உடம்பு தேவைக்கு ஏற்பத்தான் விட்டமினாக மாற்றும். இந்த மாத்திரை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்காது. 1982 இல் அமெரிக்கா அனுமதித்த மருந்து. கடும் பருவுக்கு நல்ல பலன், பொய்யில்லை. ஆனால் குடிக்கும் காலத்தில் கரு தங்கினால் சிசுவின் மூளை, இதயம், காது எல்லாம் பழுதாகலாம். நிறுத்தியும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

அன்றே நிறுத்தி டொக்டரிடம் போனோம். அவரும் அதே ஒரு மாதக் கணக்கைத்தான் சொன்னார். அதாவது வலீமா முடிந்தும் இரண்டு கிழமை. அதை மகளிடமும் மருமகனிடமும் சொல்ல எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொன்னோம்.

மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க ராத்தாவுக்குக் கோபம். 'எண்ட மகன் ஆறு மாசம் குடிச்சான், அவனுக்கு ஒண்டும் ஆகல்லையே!'