மருந்துக் குடுவை

துப்பாக்கியின் பெருமையைப் பேசுவோர் அதன் குழலையும் குறியையும் பேசுவார்கள். அக்குழலுக்கு இரை கொடுத்த சிறு குடுவையை நினைப்போர் மிகச் சிலரே. வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், செம்பையும் பித்தளையையும் தட்டி, வளைத்து, பற்றவைத்துக் கழித்தவன் நான். ஆதலால் எனக்குத் துப்பாக்கியைவிடக் குடுவையே நெருக்கமான பொருள். வேட்டையில் எனக்குப் பழக்கமும் இல்லை, பெரிய நாட்டமும் இல்லை. வயலோரங்களில் நண்பர்களுடன் நடந்து, அவர்கள் சுடுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவே. ஆயினும் பழைய குடுவைகளைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்காரர்கள் என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மருந்து, தக்கை, ரவை, கேப்பு எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய தோட்டாவைத்தான் இன்றைய வாசகர்கள் அறிவார்கள். தோட்டா வருவதற்கு முன்னர் இவை ஒவ்வொன்றையும் வேட்டைக்காரன் தனித்தனியே சுமந்து சென்றான். குழல் வாயின் வழியே முதலில் மருந்து, அதன்மேல் தடித்த தக்கை, அதன்மேல் ரவை, அதை நிறுத்த ஒரு மெல்லிய அட்டை என்று ஒவ்வொன்றாக இட்டுக் கோலால் இடித்துத் திணித்த பிறகே, பின்புறத்துக் காம்பில் கேப்பைப் பொருத்துவான். அந்தக் கேப்புக்கு மூலமான தட்டித் தீமூட்டும் முறைக்கு 1807இல் உரிமம் பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பிரான்சிலிருந்து பின்புறம் திறக்கும் துப்பாக்கி வந்து சேர்ந்தது. அதன் பிறகு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியின் காலம் மெல்ல முடியத் தொடங்கிற்று. இடைப்பட்ட சில பத்தாண்டுகளே செம்புக் குடுவையின் பொற்காலம். அதற்கு முன் மாட்டுக் கொம்பு இருந்தது. நம் நாட்டில் முகலாயர் காலத்துக் கைவினைஞர்கள் யானைத் தந்தத்தில் மானும் புலியும் பறவையும் பின்னிப் பிணையச் செதுக்கிய சிறு மருந்துக் குப்பிகளை இன்றும் பெரிய அருங்காட்சியகங்களில் காணலாம். அழகில் ஷெஃபீல்டின் குடுவை அவற்றின் காலடியில்கூட நிற்காது. ஆனால் அளந்து கொட்டும் திறனில் அதற்கு நிகரில்லை.

1806இல் தோன்றிய ஜேம்ஸ் டிக்சன் நிறுவனம் டான் ஆற்றங்கரையில் கார்னிஷ் பிளேஸ் என்னும் ஆலையை நடத்தியது. அங்கிருந்து இக்குடுவைகள் உலகெங்கும் சென்றன. அந்த ஆலைக் கட்டடத்தில் இப்போது குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஹாக்ஸ்லி என்னும் இன்னொரு ஷெஃபீல்டு முத்திரையும் வேட்டைக்காரர்களிடையே பெயர் பெற்றது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரம் இத்தொழிலில் சிறந்தது. செம்புத் தகட்டை இரண்டு பாதிகளாக அழுத்தியெடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஈயப்பற்று வைத்தால் பேரிக்காய் வடிவில் உடல் கிடைக்கும். அதன் கழுத்தில் பித்தளைத் தலை. தலைக்குள் மருந்தின் வழியைத் திறந்து மூடும் ஒரு தகடு, அதை இழுத்துப் பிடிக்கும் வில், வில்லை இயக்க ஒரு நெம்பு. அதன்மேல் அளவுக் குழாய். பெருவிரலால் குழாயின் வாயைப் பொத்திக் குடுவையைக் கவிழ்த்து நெம்பை அழுத்தினால் குழாய் நிரம்பும். நெம்பை விட்டதும் தகடு மூடிக்கொள்ளும். நிமிர்த்தினால் குழாயில் ஒரு வெடிக்குரிய மருந்து மட்டும் நிற்கும்.

எத்தனை எளிய பொறி! அந்தத் தகடும் வில்லும் வேட்டைக்காரனின் ஐந்து விரல்களுக்குக் காவல் நிற்கின்றன.

என்னுடன் ஒரே பட்டறையில் வேலை செய்து மறைந்த ஓர் ஆங்கிலேய நண்பரின் பேரன், சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னைத் தேடி வந்தான். பாட்டனார் விட்டுச்சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கி அவன் கைக்கு வந்திருந்தது. அதைப் பர்மிங்காமில் 1813 முதல் இயங்கும் சோதனைச் சாலைக்கு அனுப்பி, குழல்கள் இன்னும் வலுவுடையவை என்று முத்திரை பெற்றுவிட்டான். காவல்துறையிடம் கருமருந்து வாங்கி வைத்திருப்பதற்கான சான்றிதழும் பெற்றிருந்தான். குறைந்தது குடுவை ஒன்றுதான். மேசைமேல் அவன் வைத்த செம்புக் குடுவையில் இரண்டு நாய்களும் ஒரு காட்டுக்கோழியும் புடைத்து நின்றன. பாட்டனாரின் பாட்டனார் காலத்துப் பொருள் என்றான். வில் தளர்ந்திருக்கிறது, பக்கவாட்டில் சிறு கீறல் இருக்கிறது, ஒரு பற்று வைத்துக் கொடுத்தால் போதும், சனிக்கிழமை புறா வேட்டைக்குப் போகவேண்டும் என்றான்.

முதலில் அதன் தலையைக் கழற்றி, உள்ளே வெந்நீர் ஊற்றினேன். கரி கலந்த நீர் வெளியே வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. பையனின் முகம் மாறிவிட்டது. காலியான குடுவை என்று அவன் நம்பியிருந்தான். கருமருந்து எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. நூற்றுக்கு 75 பங்கு கலந்திருக்கும் வெடியுப்பே அதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள் வைத்திருக்கிறது. எஞ்சியது 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். ஈரம் படாமல் கிடந்தால் நூறாண்டு கழிந்தும் அதன் குணம் போவதில்லை. மூலையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு சிட்டிகை மருந்தின்மேல் பற்றுவைக்கும் சுடரைக் காட்டுபவனுக்கு என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பழங்குடுவை எதுவாயினும் நீரில் கழுவப்படும்வரை அதை நிறைந்த குடுவையாகவே கொள்ள வேண்டும். (அந்த வெடியுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் நம்மவர் அறியவேண்டிய செய்தி. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனின் மருந்து ஆலைகளுக்குப் பெருமளவில் அதை அளித்தது நம் பீகார் மண். பாட்னாவிலிருந்து கங்கை வழியே இறங்கிக் கப்பலேறியது அது.)

கழுவிய பிறகு அதை உலர்த்திப் பரிசோதித்தோம். மருந்துக்குப் பதிலாக வீட்டிலிருந்த கசகசாவைக் குடுவையில் நிரப்பினேன். பன்னிரண்டாம் எண் துப்பாக்கிக்கு ஏற்ற நடுத்தரக் கருமருந்தின் மணி ஏறத்தாழ அந்தப் பருமன்தான். பத்துமுறை அளந்து கொட்டி ஒவ்வொன்றையும் நிறுத்தோம். அளவு ஒருமுறை கூடியது, ஒருமுறை குறைந்தது. நெம்பை விட்ட பின்னும் தகடு முழுமையாக மூடவில்லை. இரண்டு மூன்று மணிகள் இடையில் சிக்கி வழியைத் திறந்தே வைத்திருந்தன. கீறல் என்று அவன் சொன்னது விளிம்புப் பற்று விட்டுப்போன இடம். சட்டைப்பையில் ஒவ்வோர் அடிக்கும் மருந்து சிந்தும்.

வில்லை மாற்றலாம், பற்றையும் வைக்கலாம், என் கைக்கு அது கடினமன்று. ஆனால் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாட்டனாரின் நினைவாக இருக்கும் ஒரே பொருளுக்கு உயிர் கொடுக்க மறுக்கிறீர்களே என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னை வருத்தியது. அவனுடைய பாட்டனார் எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர். கப்பலிறங்கிய ஆண்டில், மொழியும் குளிரும் ஒருங்கே என்னை வாட்டியபோது, தம் மேலங்கியைக் கழற்றித் தந்தவர். அவருடைய பேரனின் கைகள் எனக்கு அமானிதம். கைகள் இருக்குமானால் குடுவைகள் நூறு வாங்கலாம்.

வேட்டைக்காரர்களிடையே வழக்கமான பெரும்பிழை ஒன்றுண்டு. குடுவையின் குழாயை நேரே துப்பாக்கியின் வாயில் வைத்துக் கொட்டுவது. பழைய படங்களிலெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். முந்தின வெடியின் தக்கைத் துணுக்கு ஒன்று குழலுக்குள் கங்காகக் கனிந்து கிடந்தால், புதிய மருந்து அதைத் தொட்ட கணமே தீப்பிடிக்கும். தகடு ஒழுங்காக மூடியிருந்தால் அளந்த மருந்து மட்டும் எரிந்து கையைச் சுடும். தகடு சிறிது திறந்திருந்தாலோ தீ உடலுக்குள் ஏறும். செம்புக்குள் அடைபட்ட அரைப் பவுண்டு மருந்து கையெறிகுண்டாகிவிடும். இதற்கு அஞ்சித்தான், அளவுக் குழாய் உடலின் வழியிலிருந்து விலகிச் சாயும்படியான ‘தீக்காப்பு’த் தலைகளையும் அக்காலத்தவர் செய்தார்கள். நான் அவற்றையும் முழுமையாக நம்பவில்லை. குடுவையிலிருந்து தனி அளவைக்குள் கொட்டி, குடுவையை மூடிப் பைக்குள் வைத்த பிறகே, அளவையிலிருந்து குழலுக்குள் கொட்டவேண்டும். பத்து விநாடி கூடுதலாகும். புறா பறந்துபோனால் போகட்டும்.

புதிய குடுவை வாங்க அவனுடன் நானும் போனேன். இத்தாலியப் பெடர்சோலியின் குடுவை முதலியன கடைகளில் கிடைக்கின்றன. அவன் கண் மிகப் பெரிய குடுவையின்மேல் சென்றது. ஒரு நாளைக்கு எத்தனை முறை சுடுவாய் என்று கேட்டேன். இருபது என்றான். அவன் துப்பாக்கிக்கு ஒரு வெடிக்கு 2¾ டிராம் மருந்து. டிராம் என்பது அவுன்சில் பதினாறில் ஒரு பங்கு. கிராமுடன் குழப்பிக்கொள்ளலாகாது, ஒரு டிராம் 1.77 கிராம். 8 அவுன்ஸ் குடுவையில் 128 டிராம் அடங்கும், நாற்பத்தாறு வெடிக்கு வரும். இருபதுக்கு நான்கு அவுன்சே போதும். மார்பருகே தொங்குவது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அளவுக் குழாயில் டிராம் குறியுள்ளதா என்று பார்க்கச் சொன்னேன். கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் உரிய குடுவைகளில் குண்டுமணிபோன்ற ‘கிரெய்ன்’ கணக்கில் அளவு குறித்திருப்பார்கள். தலையின் திருகு மரை தளராமல் இருக்கவேண்டும். உடல் செம்போ பித்தளையோ ஆகவேண்டும், உரசினால் பொறி எழாது. அழகுப்படம் எதுவானால் என்ன?

புகையில்லா நவீன மருந்தை ஒருபோதும் அதில் நிரப்பலாகாது. அதே கொள்ளளவுக்கு அதன் வேகம் வேறு, குழல் பிளந்துவிடும். இதற்கு விதிவிலக்கே இல்லை.

இரட்டைக்குழலில் வேறொரு சங்கடமும் உண்டு. வலக்குழலைச் சுட்டுவிட்டு மீண்டும் கெட்டிக்கையில் இடக்குழல் வெடிக்கத் தயாராக நிற்கும். குனியும் முகமோ குழல் வாய்க்கு மேலே! முதலில் இடக்குழலின் கேப்பைக் கழற்றவேண்டும். கெட்டித்த குழலுக்குள் கோலைச் செருகி வைத்தால், மறதியில் அதே குழலில் இருமுறை மருந்து விழாது. கோலில் இரண்டு கோடுகள் கீறிக் கொடுத்தேன், வெறுங்குழலுக்கு ஒன்று, கெட்டித்த குழலுக்கு ஒன்று. வலக்குழலின் உதைப்பில் இடக்குழலின் ரவை முன்னே நகர்ந்திருக்கிறதா என்பதையும் அக்கோடே காட்டும்.

என் இளமையில் எங்கள் ஊர்ப்பக்கம் நரிக்குறவர்கள் வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியுடன் கொக்கு சுடச் செல்வார்கள். அவர்களிடம் பித்தளைத் தலையும் வில்லும் ஏது? ஒரு வெடிக்குரிய மருந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, புட்டியை மூடி இடுப்பில் செருகிய பிறகே குழலைத் தொடுவார் ஒரு முதியவர். என் வாப்பா அதைச் சுட்டிக்காட்டி, பார் அவருடைய நிதானத்தை என்பார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு நம் நாட்டில் அந்த வேட்டை குற்றமாகிவிட்டது. அது நல்லதுதான் என்பது என் கருத்து.

பையன் கடைசியில் நான்கு அவுன்ஸ் குடுவை ஒன்றையும், ஒரு வெடிக்குரிய மருந்தை அடைத்து வைக்கும் சிறு குழாய்கள் இருபதையும் வாங்கினான். வயலில் குழாய்களை மட்டும் பயன்படுத்துகிறான். குடுவை, வீட்டு மேசையில் குழாய்களை நிரப்புவதற்கு மட்டுமே. எஞ்சிய மருந்தை அன்றிரவே அது வந்த டப்பாவுக்குள் திருப்பிக் கொட்டிவிடுகிறானாம். பாட்டனாரின் குடுவை அவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, தகடு கழற்றப்பட்டு. அந்தத் தகடு என்னிடம்தான் இருக்கிறது.