பவுடர் மாற்றுகிறவர்கள்

பட்டா, சிட்டா, சாதிச் சான்று, பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம், பத்திர வரைவு, கல்லூரி ப்ராஜெக்ட் என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் எந்தக் காரியமும் இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ உள்ள லேசர் பிரிண்டரைத் தொட்டுத்தான் நகர்கிறது. பெரும்பாலும் அது 12ஏ அல்லது 88ஏ கார்ட்ரிட்ஜ் பொருந்தும் பழைய எந்திரம். 12ஏ ஏறத்தாழ 2,000 பக்கங்களில் தீரும். தீர்வது பவுடர்தான், ட்ரம்மும் ரோலர்களும் கூடும் இன்னும் சில சுற்றுத் தாங்கும். இந்த ஊர்களின் ரீஃபில் கடைகளில் கண்ட வேலையை வைத்துச் சொல்கிறேன்: மின்கழிவைக் குறைக்கும் முதல் வேலை இங்கேதான் நடக்கிறது, சட்டத்தின் கணக்கில் அது இன்னும் ஏறவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் தூள் நிரப்புவது போலத்தான் தெரியும். உண்மையில் இது நோய் கண்டறியும் வேலை. தாளில் நீளவாக்கில் கறுப்புக் கோடு விழுந்தால் ட்ரம் கீறியிருக்கும், அல்லது வைப்பர் பிளேடு தேய்ந்திருக்கும். ஒரே புள்ளி ஏழரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி ட்ரம்தான். அதன் சுற்றளவு அவ்வளவு. பின்களைத் தள்ளிக் கூட்டை இரண்டாகப் பிரித்து, தாளில் ஒட்டாமல் மிஞ்சிய பவுடர் சேரும் அறையை முதலில் காலி செய்கிறார்கள். அதைச் செய்யாமல் புதுப் பவுடரை மட்டும் கொட்டும் கடைகளும் உண்டு. ரீஃபில் செய்தால் பிரிண்டர் கெட்டுவிடும் என்ற குற்றச்சாட்டு பெரிதும் அந்த அவசர வேலையால் பிறந்தது. அதற்காகத் தொழிலையே தள்ளிவைப்பது நியாயமில்லை. பிரிண்டர் நிறுவனத்தின் காப்புரிமைக்கு ரீஃபில் எதிரானது என்ற வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2017இல் லெக்ஸ்மார்க் வழக்கில் ஏற்கவில்லை: விற்ற பொருளின் மீது காப்புரிமை முடிந்துபோகிறது என்றது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் இங்கும் பொருந்தும்.

அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் இருக்கும்போது பழைய கார்ட்ரிட்ஜைச் சூளையில் போட்டு எரிபொருளாக்கிவிடலாமே என்றும் கேட்கலாம். 1,450 டிகிரி வெப்பத்தில் பிளாஸ்டிக் எரியும்தான். ஆனால் ட்ரம்மின் அலுமினியக் குழாயும் ரோலரின் எஃகும் காந்தமும், அவற்றைச் செய்யச் செலவான ஆற்றலும் அதோடு போய்விடும். உடைந்து இனி உயிர்ப்பிக்க முடியாத கூட்டுக்குத்தான் சூளை.

தட்டிக்கழிக்க முடியாத ஆட்சேபம் ஒன்றுதான்: தொழிலாளியின் நுரையீரல். டோனர் எனப்படும் இந்தப் பவுடரின் துகள் சில மைக்ரான் அளவே இருக்கும். சாதாரண வேக்குவம் கிளீனரின் வடிகட்டி அதைப் பிடிக்காது. பல டோனர்களில் கலக்கும் கார்பன் பிளாக்கைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒருவேளை புற்றுநோய் தரக்கூடியவை என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு தூரிகையால் தட்டுவது போதாது. என்றாலும் இந்த ஆபத்துக்கு மருந்து கடையை மூடுவதல்ல. நல்ல முகக்கவசம், நுண்துகளைப் பிடிக்கும் உறிஞ்சி, கழிவுப் பவுடரை ஒப்படைக்க ஓர் இடம். மூன்றாவது இல்லாத இடத்தில் அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், கார்ட்ரிட்ஜையும் சேர்த்துப் பிரிண்டரைத் தம் பட்டியலில் வைத்திருக்கின்றன. தயாரிப்பாளருக்குப் பொறுப்பும் மறுசுழற்சியாளருக்குப் பதிவும் உண்டு. குறு நிறுவனங்களுக்கு விதிகள் பொருந்தா. ஒற்றை மேசைக் கடைக்கு இது நிம்மதிதான். அதே விலக்கால் அது உதவிக்கும் வெளியே நிற்கிறது. இரண்டு ஆட்சியர் அலுவலகங்களும் கல்லூரிகளும் தங்கள் ரீஃபில் வேலையைக் குறைந்த விலை கேட்பவருக்கு என்று கொடுக்காமல், கழிவு அறையைச் சுத்தம் செய்து, முகக்கவசத்தோடு வேலை பார்த்து, கழிவுப் பவுடரை மூடிய டப்பாவில் திருப்பித் தருபவருக்குக் கொடுக்கட்டும். அந்த டப்பாக்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகம் ஏற்கட்டும். அதனால் ரீஃபிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள்.