எனக்கும் ஒரு கிண்ணம்

"நேற்று ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?"

லேடி டாக்டர் கேட்ட இந்தச் சாதாரணக் கேள்விக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. என் கணவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாலு தோசை, தக்காளிச் சட்னி. பையனுக்கு மூன்று தோசை, மிளகாய்ப்பொடி. பெண்ணுக்கு இரண்டு. அத்தைக்குப் பல் சரியில்லை, அதனால் இரண்டு இட்லி. இதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. ஆனால் நான் என்ன சாப்பிட்டேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஓரம் கருகிப்போன கடைசித் தோசை ஒன்று. மத்தியானம் மீந்த சோற்றில் அடி ரசத்தை ஊற்றி நாலு வாய். அதுவும் அடுப்படியில் நின்றுகொண்டே!

2022-ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. துணி உலர்த்த மாடிப்படி ஏறினேன். ஏழாவது படியிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டதால் மண்டை தப்பியது. வாளி மட்டும் உருண்டு போயிற்று. நாலைந்து மாதமாகவே மூச்சு வாங்கல், படபடப்பு, முடி கொத்துக் கொத்தாய் உதிர்தல் எல்லாம் இருந்தன. 'நாற்பது தாண்டிவிட்டால் இப்படித்தான்' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம்.

டாக்டர் நன்றாக விசாரித்தார். மாதவிலக்கு நாட்களில் எனக்கு அதிகப் போக்கு இருந்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதற்குத் தனியாக மருந்து கொடுத்தார். இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். பிறகுதான் அந்தக் கேள்வி. "மாத்திரை கட்டாயம் சாப்பிடணும், அதை நிறுத்தக் கூடாது. ஆனா நீங்க சாப்பிடுற சாப்பாடு இப்படியே இருந்தா, மாத்திரை முடிஞ்சதும் மறுபடி இங்கேதான் வந்து நிப்பீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அப்படித்தானம்மா சாப்பிட்டேன். என் ரத்தத்தை எடுத்து யாரும் பாக்கலை, அவ்வளவுதான்" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

சகோதரிகளே, இது என் ஒருத்தி கதை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேர். அடுப்புக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் நிற்கிறோம். ஆனால் நமக்குத்தான் சத்தில்லை!

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலி. சைவச் சாப்பாடு. கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. 'அப்படியானால் சத்துக்கு என்ன செய்வது?' என்று டாக்டரைக் கேட்டேன். "பயறு, பருப்பு, கீரை. இதைத் தினமும் ஒரு கிண்ணம் கெட்டியாச் சாப்பிடுங்க. மேலே எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கணும். சாப்பாட்டோட காபி, டீ கூடாது" என்றார். செடி கொடிகளில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளுமாம். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி போன்ற புளிப்புகளில் இருக்கிற வைட்டமின் சி சேர்ந்தால் கூடுதலாக ஏறுமாம். காபியும் டீயும் அதைத் தடுத்துவிடுமாம். நானோ சாப்பிட்ட கை ஈரம் காயும் முன்னே ஒரு டம்ளர் காபி குடிக்கிறவள்! இப்போது ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறேன். முதல் பத்து நாள் தலைவலி பிராணனை வாங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை நான் வைத்த கீரை சூப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முருங்கைக்கீரையைக் காம்போடு போட்டு, மூடி வைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டிக் கொடுத்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. கசப்பு வேறு! பையன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது சூப்பா, கஷாயமா?" என்றான். என் கணவர், "எனக்கு ஒண்ணுமில்லையே, எனக்கு எதுக்கு?" என்று கிண்ணத்தை நகர்த்திவிட்டார். நம் வீடுகளில் சூப் என்றால் நோயாளி ஆகாரம் என்று ஒரு எண்ணம். காரம் சாரமாக, கரண்டி நிற்கிற கெட்டியில் கொடுத்தால்தான் வேலைக்கு ஆகும் என்று புரிந்தது.

யோசித்துப் பார்த்தால் நமக்கு இது புதிதா என்ன? நம் மிளகுத் தண்ணீரைத்தானே வெள்ளைக்காரர்கள் 'மல்லிகடானி' என்று பெயர் வைத்து, கறியும் மாவும் சேர்த்துக் கெட்டியாக்கித் தங்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள்? அவர்கள் கறி போட்ட இடத்தில் நான் கொள்ளைப் போட்டேன். 100 கிராம் கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து இருக்கிறது. பாலோ நெய்யோ எதுவும் வேண்டாம். என் செய்முறை இதோ.

கொள்ளு-முருங்கைக்கீரை சூப் (ஐந்து பேருக்கு)

கொள்ளு முக்கால் டம்ளர், சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், பழுத்த தக்காளி மூன்று, மிளகு ஒன்றரை தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, வரமிளகாய் இரண்டு, ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, உப்பு, எலுமிச்சம்பழம் ஒன்று.

கொள்ளைக் கல் பொறுக்கி, வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, கழுவி, முதல்நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆறு டம்ளர் புதுத் தண்ணீர் விட்டு, குக்கரில் ஏழெட்டு விசில் வரும்வரை விடுங்கள். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். வெந்ததில் பாதியை மட்டும் அரைத்து மறுபடி அதிலேயே கலந்துவிடுங்கள். அந்தக் கெட்டிக்கு இதுதான் காரணம். சோள மாவெல்லாம் தேவையில்லை.

மிளகு, சீரகத்தைக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். எண்ணெயைக் காயவைத்து, கிள்ளிய வரமிளகாய், நசுக்கிய பூண்டு, வெங்காயம் போட்டு நன்றாகச் சிவக்க வதக்குங்கள். தக்காளியும் மஞ்சள்தூளும் சேர்த்து, தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்ததும் கொள்ளுத் தண்ணீரை விட்டு உப்புப் போடுங்கள். கொதி வந்ததும் கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிஷம். கீரையில் காம்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை கெடுத்தது அங்கேதான். கடைசியில் மிளகு-சீரகப் பொடியைத் தூவி இறக்கிவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள். கசக்கும், வைட்டமினும் சூட்டில் போய்விடும். கிண்ணத்தில் ஊற்றிய பிறகு பிழிவதே சரி. வெயில் காலத்தில் கொள்ளு சூடு என்பார் அத்தை. அப்போது கொள்ளுக்குப் பதில் தோலோடு கூடிய பாசிப்பயறு போடுகிறேன்.

வதக்குவதற்கு அத்தையின் பழைய இரும்புச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். நான்ஸ்டிக் வந்ததும் நான்தான் அதை மேலே ஏற்றினேன்! இரும்புச் சட்டியில் தக்காளி மாதிரிப் புளிப்பானவை வேகும்போது கொஞ்சம் இரும்பு சமையலிலும் இறங்கும். வேலை முடிந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அப்படியே வைத்தால் நிறமும் ருசியும் மாறிவிடும். சட்டியைக் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் துரு பிடிக்காது.

ஒரே சூப்பை தினமும் வைத்தால் யார் சாப்பிடுவார்கள்? வாரம் ஒரு நாள் எங்கள் ஊர்ச் சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் இதுதான் ராஜா. விசேஷத்துக்கு மட்டும் என்று நாம்தான் ஒதுக்கி வைத்துவிட்டோம். அரை டம்ளர் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயைத் துருவி முதல் பால் ஒரு டம்ளர், இரண்டாம் பால் இரண்டு டம்ளர் எடுங்கள். காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் எண்ணெயில் ஒரு பிரட்டுப் பிரட்டி, இரண்டாம் பாலில் வேகவையுங்கள். ஒரு துண்டு இஞ்சியும் ஆறு பச்சைமிளகாயும் அரைத்த விழுதைச் சேர்த்து, பருப்பையும் உப்பையும் போட்டு ஒரு கொதி. பிறகு முதல் பாலை விட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்து போகும். கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சைச் சாறு, கறிவேப்பிலை. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கிண்ணத்தில் ஊற்றிச் சூப் மாதிரியே குடிக்கலாம், சோற்றிலும் பிசையலாம்.

மற்ற நாட்களில் தட்டாம்பயறு போட்ட கத்தரிக்காய்க் காரக்குழம்பு, கொண்டைக்கடலையும் பூசணியும் சேர்ந்த கூட்டு என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். பொரியலுக்கு ஒரு சின்ன விஷயம். காயை வேகவைத்துத் தண்ணீரை வடிகட்டிக் கொட்டாதீர்கள். தண்ணீரைத் தெளித்து மூடி, சிறு தீயில் தன் ஈரத்திலேயே வேகவிடுங்கள். முட்டைகோஸ், கொத்தவரங்காய், அவரைக்காய் எல்லாம் அப்படி வெந்தால் பாதி மிளகும் பாதித் தேங்காயும் போதும்.

இவ்வளவும் சமைத்தேனே, முதல் மாதம் நான் சாப்பிட்டேனா? அதுதான் வேடிக்கை! பழக்கம் விடுமா? காரமாகவும் கெட்டியாகவும் ஆனதும் எல்லோருக்கும் சூப் பிடித்துவிட்டது. "இன்னும் கொஞ்சம்" என்று பையன் நீட்டுவான். அவர் கேட்பார். நான் உட்காரும்போது பாத்திரத்தின் அடியில் நாலு கொள்ளுதான் இருக்கும். யாருக்காக ஆரம்பித்தேனோ அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். நான் ஒரு நாளாவது வாய் திறந்து கேட்டேனா?

ஒருநாள் சாயங்காலம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தார். அலமாரியிலிருந்து ஐந்து எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்து மேடையில் வரிசையாக வைத்தார். "யாரையும் கூப்பிடுறதுக்கு முன்னாடி அஞ்சுலயும் ஊத்து. அப்புறம் கூப்பிடு" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் எனக்குத் தோன்றாத யோசனை! அவருக்கும் யாராவது முன்பே இதைச் சொல்லியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஐந்து கிண்ணம், ஒரே அளவு. மறுபடி வேண்டுமென்பவர்களுக்கு அடுத்த தடவை கூடுதலாக வைப்பேனே தவிர, என் கிண்ணத்திலிருந்து எடுப்பதில்லை. நானும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ஆரம்பத்தில் என் கணவருக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. "தண்ணி எடுத்துட்டு வா" என்று வாய் வரை வரும், பிறகு அவரே எழுந்து போய் எடுத்துக்கொள்வார். இப்போது எனக்கும் சேர்த்தே ஒரு டம்ளர் கொண்டு வருகிறார்.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.6 ஆயிற்று. ஏழாவது மாதம் 12.1. மாத்திரைக்கும் அந்தப் போக்கு நின்றதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. சூப் மட்டுமே செய்தது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் மாத்திரையை நிறுத்தி இரண்டு வருஷம் ஆன பின்னும் எண் இறங்கவில்லை. அது சாப்பாட்டினால்தான் என்றார் டாக்டர்.

கடைசித் தடவை போனபோது அத்தையையும் வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். "எனக்கு எதுக்கும்மா, காடு வா வாங்குது" என்று முரண்டு பிடித்தார். பார்த்தால் 9.2. அவருக்கும் மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம். அவர் கிண்ணத்தில் மட்டும் கொள்ளை நன்றாக மசித்துவிடுகிறேன், பல்லுக்காக.

உடம்பில் அசதி, மூச்சு வாங்கல் என்றால் வயசு என்று தள்ளிப்போடாமல் ஒரு தடவை ரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கு வேலையெல்லாம் முடிந்து படுக்கும்போது டாக்டர் என்னைக் கேட்ட கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வரவில்லையென்றால், நாளைக்குக் கிண்ணங்களை வரிசையாக எடுத்து வையுங்கள். எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.