ஐந்து கட்டையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்

கொல்கத்தா,
ஜனவரி

அன்பு நண்பா,

தாத்தா காலமான செய்தி கேட்டு நீ ஃபோனில் பேசியபோது, "அவர் கல்கத்தாவில் என்னதான் வேலை பார்த்தார்?" என்று கேட்டாய். "கரண்ட் கம்பெனி" என்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால்தான் அவர் முப்பத்தைந்து வருஷம் இருந்த இந்த ஊருக்கு வந்து, இங்கிருந்தே எழுதுகிறேன்.

தாத்தா பிறந்தது 1927-இல், திருவாரூர்ப் பக்கம். அந்த வருஷம் ஆகஸ்ட் 26-ஆம் தேதிதான் கல்கத்தா வானொலி நிலையம் கார்ஸ்டின் பிளேஸில் ஒலிபரப்பைத் தொடங்கியது. "ரேடியோவுக்கும் எனக்கும் ஒரே வயசு" என்று கடைசி வரை பெருமையாகச் சொல்வார். 1950-இல் லேக் மார்க்கெட்டில் இருந்த மாமா வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கியவர், கல்கத்தா எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். லண்டனில் பதிவான கம்பெனி அது. 1899 ஏப்ரல் 17-இல் இமாம்பாக் சந்தில் முதல் மின் நிலையத்தை ஓட்டியது. நேற்று அந்தச் சந்துக்குப் போனேன். நெரிசலும் ஹார்ன் சத்தமும்தான். இருந்தாலும் தாத்தாவின் ஐம்பது வருஷப் பேச்சில் வந்த இடமாயிற்றே, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சேர்ந்த புதிதில் வீடு வீடாகப் போய்ப் புகார் பார்க்கிற வேலை. ஊரின் பழைய பகுதிகளில் அப்போது டிசி மின்சாரம். அதற்கென்றே ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் ரேடியோக்கள் உண்டு. டிசி வீட்டில் பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் வால்வுகள் எல்லாம் ஒளிரும், சத்தம் மட்டும் வராது. "கரண்ட் சரியில்லை" என்று புகார் வரும். தாத்தா போய் பிளக்கைப் பிடுங்கி, திருப்பிச் செருகுவார். பாட்டு வரும். அந்தப் பாட்டு முடிகிற வரை உட்காரச் சொல்லி வீட்டுக்காரர்கள் டீ கொடுப்பார்கள். பங்கஜ் மல்லிக், சச்சின் தேவ் பர்மன் எல்லாரையும் அவர் கேட்டது இப்படி மற்றவர் வீட்டுக் கூடங்களில்தான். வங்காளம் பேசப் பழகியதும் அங்கேதான்.

பிறகு சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். முக்கியமாக எழுத நினைத்தது இதைத்தான். டிரான்ஸ்ஃபார்மர் ஏன் ரீங்கரிக்கிறது, தெரியுமா? உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் மின்காந்தத்தால் மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகின்றன, மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, ஆகவே அதிர்வு 100. ஆர்மோனியத்தில் கீழ் ஸ்தாயி ஐந்து கட்டை 98. அதாவது ஆரோக்கியமாக இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே பாடும். நைட் டியூட்டியில் தாத்தா அலமாரியில் ஒரு சுருதிப்பெட்டி வைத்திருந்தார். ஐந்து கட்டையில் அதைப் பிடித்தால் இரண்டும் உரசி அலை அலையாகக் கேட்கும். அந்த உரசல் இருக்கிற வரை கவலையில்லை. உரசல் அடங்கி இரண்டும் சுத்தமாகச் சேர்ந்துவிட்டதா, மின்சாரம் 49-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். தேவைக்கு உற்பத்தி ஈடுகொடுக்கவில்லை, ஏதோ ஒரு பேட்டை இருளப்போகிறது. "சுருதி சேர்ந்தா பயப்பட வேண்டிய ஒரே இடம் அதுதாண்டா" என்பார்.

மின்சாரத்தின் சுற்றை அளக்கச் சுவரில் ஒரு மீட்டரும் உண்டு. முள் கிடையாது. வரிசையாக மெல்லிய எஃகு ரீடுகள், ஒவ்வொன்றும் ஒரு அதிர்வுக்கு. எந்த ரீடு படபடக்கிறதோ அதுதான் அளவு. ஆர்மோனியத்தின் உறவுக்காரன் என்றே அவர் அதைச் சொல்வார். லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் இன்றும் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் பெரியவர் ஒருவர் பித்தளை ரீடைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டி, ஊதி, காதில் வைத்து, மறுபடி சுரண்டி… நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளில் இந்த ஊரில் லோட்ஷெடிங் என்பது குழந்தைக்கும் தெரிந்த சொல். மின்சாரம் சோர்ந்த மாலைகளில் இசைத்தட்டும் மெதுவாகச் சுற்றும். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி அரைக்கட்டை கீழே இறங்கி அழும். தாத்தா உடனே நிறுத்திவிடுவார். தப்பான சுருதியில் அவரைக் கேட்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்பது தாத்தாவின் கட்சி.

மகாளய அமாவாசை விடியற்காலை நான்கு மணிக்கு பீரேந்திர கிருஷ்ண பத்ரர் பாராயணம் செய்யும் 'மகிஷாசுரமர்த்தினி' வானொலியில் வரும். ஊரே விழித்துக் கேட்கும். அந்த இரவு டியூட்டியைத் தாத்தா கேட்டு வாங்கிக்கொள்வார். தன் பகுதியில் ஒரு வீட்டு ரேடியோகூட அணையக் கூடாது என்று. 1976-இல் பத்ரருக்குப் பதில் நடிகர் உத்தம் குமாரை வைத்து வேறு நிகழ்ச்சி போட்டார்கள். ஊர் கொதித்தது, பழையதே திரும்பி வந்தது. ஜனங்கள் செய்ததுதான் நியாயம் என்று கும்பகோணம் டிகிரி காபியைக் குடித்துக்கொண்டே வாதாடுவார்.

இந்துஸ்தானியில் அவருக்கு அமீர் கான்தான். திருவாரூரில் வாழ்ந்த ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ராகம் ஹம்ஸத்வனி. அதை அமீர் கான் பாட இங்கே கேட்ட இரவை, நம் ஊர்க்காரனை அந்நிய ஊரில் பார்த்த மாதிரி இருந்தது என்று சொல்வார். 1974 பிப்ரவரியில் அமீர் கான் இதே ஊரில் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பேச்சு வந்தால் தாத்தா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

டோவர் லேன் சங்கீத மாநாடு 1952-இல் தொடங்கியது. இந்த வாரம் நஸ்ருல் மஞ்சாவில் விடிய விடிய நடக்கிறது, நானும் போகிறேன். லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் மல்லிகைப் பூவும் காபிப் பொடியும் இன்னும் கிடைக்கின்றன. தமிழ்க் குரல்தான் குறைந்துவிட்டது.

அங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அருகே நின்று கைபேசியில் சுருதி பார்த்தேன். 100-ஐ ஒட்டியே நின்றது. 2013 டிசம்பர் 31-இல் தென்னகமும் தேசிய கிரிட்டில் இணைந்துவிட்டது. அதனால் உன் தெருமுனையில் இருப்பதும் இதே சுருதியில்தான் பாடுகிறது.

தாத்தா தொண்ணூற்றாறு வயது வரை இருந்தார், கேட்டதற்கெல்லாம் சொன்னார். உன் அப்பாவும் மின்வாரியத்தில் இருந்தவர்தானே? நைட் ஷிஃப்டில் அவர் காதில் என்ன விழுந்தது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேள். கேட்டதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்