கடைசித் தண்ணீர்

ஜப்பானிய வீடுகளில் மாலையானால் ஒஃபுரோ எனும் ஆழமான குளியல் தொட்டியை நிரப்புவார்கள். ஏறக்குறைய 40 டிகிரிச் சூடு. தேய்த்துக் குளிப்பதெல்லாம் தொட்டிக்கு வெளியேதான். அழுக்குப் போனபின் கழுத்தளவு வெந்நீருக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஹினோக்கி மரத்தில் செய்த தொட்டியென்றால் மரவாசனையும் சேரும். ஒரே தண்ணீர் வீடு முழுமைக்கும் என்பதால் அதற்கு ஒரு வரிசை உண்டு. பழைய குடும்பங்களில் விருந்தாளி, வீட்டுத் தலைவர், ஆண்பிள்ளைகள், பிறகு பெண்கள், மருமகள் கடைசி. அந்தக் கடைசிக் குளியலுக்கு 'ஷிமாய்யு' என்று தனிப்பெயரே இருக்கிறது.

தேவாரத்தில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பெயர் கிடையாது. கொல்லையில் மூன்று கல்லின்மேல் வெந்நீர் அண்டா. கண் எரிய ஊதிப் பற்றவைப்பவர் சித்தி. தாத்தா, சித்தப்பா, அண்ணன்மார் மொண்டுபோனபின் சாம்பல் மிதக்க இரண்டு சொம்பு மிஞ்சும். ஜப்பான் மருமகளுக்குக் கடைசியிலாவது உட்கார ஒரு தொட்டி இருந்தது. (அதைக் கழுவிக் கவிழ்த்ததும் அவளாகத்தான் இருக்கும்.)

சித்தி விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போவார். ஆவணி மழையில் தலைக்குப் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டைக்கடி. ஏலச்செடி தூரை ஒட்டித் தரையில்தான் காய்க்கும். பொழுதுக்கும் குனிந்தே எடுக்க வேண்டும். சாயங்காலம் விரல்கள் ஊறி வெளுத்து வந்து இறங்குவார். உலை வைத்து, சோறு போட்டு, அண்டாப் பக்கம் போக ராத்திரியாகிவிடும். "மலையில பூரா தண்ணியிலதானடி நின்னேன், எனக்கென்ன வெந்நி" என்பார்.

உட்கார்ந்து ஊறுவதற்குத் தொட்டியே இல்லாத ஊரல்ல எங்களுடையது. தோப்புக்குத் தோப்பு பம்புசெட் தொட்டி உண்டு. நெஞ்சளவு ஆழம், பாசி பிடித்த சிமென்ட், குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர். பையன்கள் கண் சிவக்கும்வரை கிடப்பார்கள். பெரிய ஆண்களும் சுவர்மேல் கைகளை விரித்துப்போட்டு, பேச்சுமில்லாமல் வெகுநேரம் கிடப்பார்கள். பெண்களுக்கு அதே தொட்டியின் வெளிப்பக்கத்துக் கல். துவைக்கலாம். துவைத்து முடித்து, மாருக்கு மேல் கட்டிய பாவாடையோடு வாய்க்காலில் நாலு சொம்பு ஊற்றிக்கொள்ளலாம். எனக்குப் பந்தல் போட்டு, மாமன் சீரோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தொட்டி அத்தோடு முடிந்தது.

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது இது ஒவ்வொரு வருஷமும் உறுத்தும். ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். நீராடல் இலக்கணப்படி பெண்குழந்தைக்கே உரியது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியை வையையில் நீராட அழைத்தார். வையை பாயும் மாவட்டத்துப் பெண்களிடம் கேட்டேன்: கடைசியாக எப்போது தண்ணீருக்குள் சும்மா உட்கார்ந்தீர்கள்?

சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், "துணி வாளி இல்லாமத் தோப்புக்குப் போனா எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க மேடம்" என்றாள். அதனால் அவளும் அவள் அக்காவும் ஆளுக்கு இரண்டு துணியை வாளியில் போட்டுக்கொண்டு, ஆளில்லாத மத்தியான வேளையாகப் பார்த்துப் போவார்களாம். அந்த நாலு துணியைத் துவைக்க ஒன்றரை மணி நேரமாகுமாம்.