காய்ந்தபின் தெரியும் மஞ்சள்

புதுச்சேரியில் பெருங்கால்வாய்க்கு மேற்கே, வைசியாள் வீதியில், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்துக் கட்டிய ஒரு பழைய வீட்டின் உட்சுவர்களுக்கு இளமஞ்சள் நிறத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வேலையைப் பார்க்கும் ஆவலில் வெயில் ஏறுமுன்பே அங்கே போய்ச் சேர்ந்தேன். கால்வாயின் கிழக்கே பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகைகளின் வெளிச்சுவர்களில் காணும் அழுத்தமான மஞ்சளை யாத்ரிகர்கள் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்; மனிதர் உண்டு உறங்கும் அறைக்கு அந்த மஞ்சள் ஆகாது என்பது என் அபிப்பிராயம். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றன் ஒளியை மற்றொன்றின்மேல் வீசி நிறத்தைப் பெருக்கிவிடுவதால், மாதிரிக்குப் பூசிய ஓட்டுத் துண்டில் சாந்தமாகத் தோன்றுவதுகூட அறை முழுவதும் பரவியதும் உக்கிரமாகிவிடும்.

முற்றத்தில், நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் கஞ்சி சேர்த்து ஒரு பெரிய பீப்பாயில் நிரப்பியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பானையில் மஞ்சள் காவி இரவிலிருந்தே ஊறிக்கொண்டிருந்தது. மங்கல வஸ்துவான மஞ்சள் தூளையே கலந்தாலென்ன என்று நான் கேட்டதற்கு மேஸ்திரி சிரித்தார்.

"ஆலத்தி கரைச்சுப் பாத்ததில்லையா, ஐயா? சுண்ணாம்பு பட்டா மஞ்சள் செவந்துடுமே."

விரலி மஞ்சளின் சாயம் சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கும். வெயிலிலோ வெளுத்துப் போகும். காவி மண்ணின் மஞ்சளோ இரும்பும் நீரும் பிணைந்து உண்டானதாகையால், சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்வதில்லை. நெருப்பில் வாட்டினால் மட்டும் அந்த நீர் நீங்கிச் செங்காவியாக மாறிவிடுகிறது. பொங்கலுக்குத் திண்ணையில் இழுக்கும் காவிப்பட்டையும் இந்த மஞ்சளும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை.

ஆனால் இந்தத் தொழிலின் சூட்சுமம் சரக்கிலே இல்லை. ஈரத்தில் கறுத்துக் காட்டுவதும் காய்ந்தபின் பலமடங்கு வெளிறிப்போவதும் சுண்ணாம்பின் சுபாவமாகையால், தாம் விரும்பும் நிறத்தைக் கலக்கும் வேளையில் கண்ணால் காணும் பாக்கியம் அதைக் கலக்கிறவருக்கே கிடையாது. மேஸ்திரி காவியைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுவதும், உடைந்த ஓட்டில் ஒரு தீற்றுத் தீற்றி வெயிலில் வைப்பதும், அது காயுமட்டும் வெற்றிலை மடிப்பதும், பிறகு முகம் சுளித்து இன்னும் சிறிது விடுவதுமாகக் காலைப் பொழுதில் பெரும்பகுதி கழிந்தது. இரண்டாவது கலவை முதல் கலவையோடு ஒருநாளும் ஒத்துப்போகாது என்பதால் கூடத்துக்கு வேண்டிய முழுவதையும் ஒரே பீப்பாயில் கலந்துவிட்டார். காவி அடியில் தங்கிவிடாமல் ஓயாது கிண்டிக்கொண்டிருப்பதற்கென்றே ஒரு பையனை நிறுத்தியிருந்தார்.

சுவரை நனைத்து முதல் கை அடித்தபோது அழுக்கு நீர் பூசினாற்போல் இருந்ததே தவிர நிறம் என்று ஒன்றும் தெரியவில்லை. பூச்சு உலர்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகும்போதுதான் அதற்கு உடல் உண்டாகிறது. மறுநாள் மூன்றாம் கையும் முடிந்து கூடம் காய்ந்தபோது, முற்றத்து ஒளியில் சுவர்கள் கொண்ட மிருதுவான மஞ்சளை, எண்ணெய்ப் பெயின்டின் பளபளப்பில் நான் கண்டதில்லை.

சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டும் என்பதை மறைத்துச் சுண்ணாம்பைப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலைக்காரர்களின் விரல்கள் காரத்தில் வெடித்திருந்தன. தேங்காய் எண்ணெய்தான் அவர்களுக்குக் கையுறை. அதற்காக, பழைய எண்ணெய்ப் பெயின்டுகளின் குரோம் மஞ்சளைச் சாதுவென்று கொள்வதற்குமில்லை: அது ஈயச் சேர்மானம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என்று நம் நாட்டில் 2016-இல் விதி செய்து, 2017 நவம்பரில்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தி சாய்ந்ததும் வீட்டம்மாள் குழல்விளக்கைப் போட்டார். சுவர் பச்சை பூத்தாற்போல் சோகை பிடித்து நின்றது. "காசு கொடுத்தது இதுக்கா, மேஸ்திரி?" என்றார் அந்த அம்மாள். மேஸ்திரி பதற்றப்படவில்லை. "இது வெள்ளை வெளிச்சம்மா, மஞ்ச வெளிச்சம் தர்ற பல்பு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அப்பவும் பிடிக்கலேன்னா நாலாங்கை என் செலவு" என்றவர், கிண்டுகிற பையனையே கடைக்கு அனுப்பிவிட்டு, மிச்சக் கூலிக் கணக்கை எடுத்தார்.