மராமத்துக்கு வேண்டிய சாமான்கள்

எதிர் வீட்டில் டைல்ஸ் வெட்டும் சத்தம் ஆரம்பித்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. முந்தாநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து நின்றார். "சார், நீங்க குடும்பத்தோட உள்ளே இருந்துக்கிட்டே வீட்டு வேலை பார்த்தவராச்சே. என்னென்ன வாங்கி வெச்சுக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் பழைய வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். யாருக்காவது உதவும்.

சாமான் பட்டியல் போடுவது எனக்குப் பழகிய வேலை. பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். போல்ட், நட்டு, பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, பேரேட்டில் ஏற்றிய கை இது. ஆகவே 2022 ஆவணியில் எங்கள் வீட்டு வேலையை ஆரம்பித்தபோது, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு கொஞ்சம் இருந்தது.

எங்கள் வீடு 1986ல் கடன் வாங்கிக் கட்டியது. அந்தக் காலத்து வழக்கப்படி குளியலறையும் கக்கூசும் கொல்லைப்பக்கம். அம்மாவுக்கு அப்போது 86 வயது. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து, சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போக வேண்டும். அம்மா அறையை ஒட்டி ஒரு குளியலறை, அதில் வெஸ்டர்ன் டாய்லெட், அப்படியே சமையல் மேடையை மாற்றுவது, ஹாலில் பெயர்ந்துபோன தரைக்கு டைல்ஸ் போடுவது என்று திட்டம். மேஸ்திரி 40 நாள் என்றார். பெங்களூரில் இருக்கும் மகன், "ரெண்டு மாசத்துக்கு ஒரு வாடகை வீடு பாத்துடுங்கப்பா. பாட்டியை வெச்சுக்கிட்டு அந்தத் தூசியில இருக்க முடியாது" என்று போனில் சொன்னான். அட்வான்ஸ், வாடகை, சாமான் ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தேன். மனசு வரவில்லை. "நாப்பது நாள்தானேடா, சமாளிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து ஒரு நோட்டில் பட்டியல் எழுதினேன். மொத்தம் 23 அயிட்டம். அவற்றில் நன்றாக உதவியவற்றைச் சொல்கிறேன்.

முதல் எதிரி தூசி. பீரோ, கட்டில், டிவி எல்லாவற்றையும் மூட நல்ல கனமான தார்ப்பாய் வேண்டும். கதவு நிலைகளில் பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்துத் திரை போல மாட்டி, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டினோம். அந்த டேப் பிரித்தெடுக்கும்போது பெயின்டை உரிக்காது. வாசற்படியில் நனைத்த சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால் காலில் ஒட்டிய சிமென்ட் பாதி அங்கேயே நின்றுவிடும். கொரோனா காலத்து என்95 மாஸ்க் மிச்சம் இருந்தது. சுவரில் காடி எடுக்கும் நாட்களில் அதுதான் கைகொடுத்தது. சும்மா துண்டைக் கட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசி நிற்பதில்லை.

டைல்ஸை உலர்வாக வெட்டவிடாதீர்கள். கொல்லையில் வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். தூசி சேறாக வழிந்துவிடும். ஆனால் தண்ணீரும் கரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் அது. அதனால் மெயின் போர்டில் மின்கசிவைத் தடுக்கும் பிரேக்கர் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மெஷினைத் தொடவிட வேண்டும். ஆளைக் காப்பாற்ற என்று போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும். எங்கள் வீட்டில் அது இல்லை. முதல் செலவே அதுதான்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் சுவரை நனைத்துவிட்டுச் சுரண்டுவதே நல்லது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் வீடுகளின் கதவு ஜன்னலில் இருப்பதெல்லாம் அதற்கு முந்தைய பெயின்ட். பேரன் பேத்திகள் வந்து போகும் வீடு என்றால் அந்தத் தூள் தரையில் கிடக்கவே கூடாது.

அடுத்தது தண்ணீர். பைப் லைனை எப்போது கழற்றுவார்கள் என்று மேஸ்திரிக்கே தெரியாது. மூடியும் குழாயும் உள்ள 200 லிட்டர் டிரம் ஒன்று வாங்கினேன். மூடி முக்கியம். நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். பூச்சுக்கும் காங்கிரீட்டுக்கும் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். அதற்கு நனைத்த சாக்குதான் சிறந்தது. வெயிலில் சீக்கிரம் காயாது.

சமையலை முன் திண்ணைக்கு மாற்றினோம். ஓர் இண்டக்ஷன் அடுப்பு, அதற்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், நான்கு தட்டு, நான்கு டம்ளர், ஒரு குக்கர். மற்ற பாத்திரங்களையெல்லாம் அரிசிச் சாக்குகளில் கட்டி, எதில் என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். வேலை செய்கிறவர்களுக்கு டீ வாங்கி வைக்க ஒரு பெரிய பிளாஸ்க்.

இன்னும் ஒன்று. பழைய ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தினம் சாயங்காலம் தரையில் இழுத்துக்கொண்டே நடந்தேன். ஆணி, ஸ்க்ரூ, கம்பித் துண்டு என்று ஒரு கைப்பிடி சேரும். மேஸ்திரி அதைப் பார்த்து, "ஐயா நல்ல ஐடியா வெச்சிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி அந்தப் பெருமை போயிற்று.

அன்றைக்குப் பகலில் சமையலறைத் தரையைப் பெயர்த்தார்கள். அம்மா அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த மர அலமாரியையும், என் மனைவியின் தையல் மெஷினையும் ஹாலுக்கு நகர்த்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன். ராத்திரி அம்மாவிடம், "எழுந்தா என்னைக் கூப்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். சரி என்றுதான் சொன்னார்.

விடியற்காலை நாலு மணிக்கு என் மனைவி எழுந்து விளக்கைப் போட்டவள், "ஏங்க, இங்க வாங்க" என்று கத்தினாள். சமையலறையில் பெயர்த்த தரைக்கு ஓரமாக, ஜல்லியும் மண்ணுமாகக் கொட்டியிருந்த குவியலின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தார். புடவை நனைந்திருந்தது. வலது உள்ளங்கை சிராய்த்து ரத்தம் காய்ந்துபோயிருந்தது.

"எப்பம்மா விழுந்தீங்க?"

"விழலப்பா. உக்காந்துட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாமே அத்தை" என்றாள் என் மனைவி.

"நாள் பூரா ரெண்டு பேரும் அல்லாடுறீங்க. எழுப்ப வேணாம்னு பாத்தேன். விடிஞ்சா யாராச்சும் வருவீங்கல்ல."

எவ்வளவு நேரம் அப்படி இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை. ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. எலும்பு முறியாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டி, காயத்தைக் கழுவிக் கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா தானாகவே சொன்னார். "அலமாரியைக் காணல. மிஷினையும் காணல. கை வெக்க ஒண்ணும் அகப்படல. எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாமப் போச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை வருடமாக அம்மா ராத்திரியில் கண்ணால் நடக்கவில்லை, கையால் நடந்திருக்கிறார். கட்டில் கால், அலமாரி முனை, மெஷின் பலகை, கதவு நிலை, மேடை ஓரம், கொல்லைக் கதவு. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய்த் திரும்பியிருக்கிறார். நான் இரண்டு சாமானை நகர்த்தியதில் அவருடைய வழியே காணாமல் போய்விட்டது. என் பட்டியலில் பீரோவுக்குத் தார்ப்பாய் இருந்தது, சுவருக்குச் சாக்கு இருந்தது. அம்மாவுக்கென்று ஒன்றுமே இல்லை. யாருக்காக வீட்டை இடித்தோமோ அவருக்கு!

அன்று மதியம் என் மனைவி என் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். "முதல்ல இதை வாங்கிட்டு வாங்க" என்றாள்.

ஒன்று, கமோடு நாற்காலி. மருத்துவ சாமான்கள் விற்கும் கடையில் கிடைத்தது. ஆனால் அம்மா அதை முதலில் தொடவே இல்லை. "படுக்கிற எடத்துல அதுல உக்காரவா? வேணாம்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழை பிடித்த ஐப்பசியில்தான், அதுவும் சில ராத்திரிகள் மட்டும், உபயோகித்தார். வற்புறுத்தவில்லை. இந்த விஷயத்தில் மானம் பெரிது.

இரண்டு, சின்ன எல்இடி விளக்குகள். பிளக்கிலேயே செருகும் இரவு விளக்கு மூன்று வாங்கி, அம்மாவின் வழியில் போட்டோம். கரண்ட் போனால் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்கு ஒன்று.

மூன்று, மணி. பூஜை மணியைவிடக் கொஞ்சம் பெரியது, பித்தளை. தலையணை பக்கத்தில் வைத்தோம். பெயர் சொல்லிக் கூப்பிடச் சங்கடப்பட்டவர், மணி அடிக்க அவ்வளவு சங்கடப்படவில்லை.

நான்கு, கயிறு. கட்டை விரல் பருமனில் பருத்திக் கயிறு, 15 மீட்டர், காந்தி மார்க்கெட் பக்கத்தில் வாங்கினேன். அம்மா அறை ஜன்னல் கம்பியில் ஆரம்பித்து, வழியில் கொக்கிகள் அடித்து, கொல்லைக் கதவு வரை இடுப்பு உயரத்தில் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினோம். பலம் கொடுத்துச் சாய்வதற்கு இல்லை, வழி தெரிவதற்கு. பெயர்த்த தரையின் மேல் இரண்டு அடி அகலத்துக்குக் கனமான பலகை போட்டு, ஆடாமல் மேஸ்திரியே பூசிக் கொடுத்தார். வேலைக்கு வந்த சித்தாள் அம்மா ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், "படி இருக்கிற எடத்துல ஒரு முடிச்சுப் போடுங்கய்யா, ஆத்தாவுக்குக் கையிலயே தெரியும்" என்றார். அப்படியே செய்தோம். ஒரு முடிச்சு என்றால் படி. இரண்டு முடிச்சு என்றால் திரும்ப வேண்டும். மூன்று நாளில் அம்மா பழகிக்கொண்டார்.

இதோடு காசில்லாத ஒரு சாமானும் சேர்ந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அந்த வழியில் ஒரு செங்கல்கூடக் கிடக்கக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம். மேஸ்திரி தினமும் போகும்முன் தானே பெருக்கிவிட்டு, "ஆத்தா, வழி சுத்தம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

நாற்பது நாள் வேலை, மழையும் சேர்ந்து, கார்த்திகையில்தான் முடிந்தது. வாடகைக்கு ஆகியிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் இந்தச் சாமான்களுக்கே போயிற்று. அது போகட்டும். மகன் சொன்னதைக் கேட்டிருந்தால் அம்மா அந்த ராத்திரி அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார் என்ற நினைப்பு இன்றைக்கும் வரும்.

புதுக் குளியலறையில் வழுக்காத டைல்ஸ், இரண்டு பக்கமும் ஸ்டீல் கைப்பிடி எல்லாம் வைத்தோம். அம்மா முதல் நாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு. கயித்தை அவுத்துறாத, ஒரு வாரம் இருக்கட்டும்" என்றார். கட்டிலில் இருந்து புதுக் கதவு வரை சின்னதாக ஒன்று கட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் இல்லை, கடைசி வரை அது அங்கேயே இருந்தது. அந்தக் குளியலறையை ஒன்றரை வருடம் உபயோகித்தார். 2024 பங்குனியில் காலமானார்.

முந்தாநாள் எதிர் வீட்டுக்காரர் கேட்டபோது, தார்ப்பாயையும் மாஸ்க்கையும் சொல்வதற்கு முன் நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "உங்க வீட்டுல ராத்திரி யார் எழுந்திருப்பாங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமியார் சார். முழங்கால் வலி" என்றார். பரணில் இருந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். முடிச்சுகள் அப்படியே இருந்தன. அவிழ்த்து அவர்கள் வீட்டுப் படிக்குத் தகுந்தபடி போட்டுக்கொள்ளச் சொன்னேன். என் மனைவி உள்ளேயிருந்து, "மணியையும் குடுத்துடுங்க" என்றாள்.

நேற்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். எதிர் வீட்டில் மணிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே விளக்கு எரிந்தது. என் மனைவியும் விழித்துத்தான் இருந்தாள். விளக்கு அணையும் வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.